நாலாம் நம்பர் டிரம்மும் மூஞ்சிப் பெட்டியும்

சத்தார்: ...என் ரெண்டு கண்ணு மேல ஆணை சாப், நாப்பத்தோரு வருசமா சோறு போட்ட இந்தத் தோல் ஷாப்பு மேல ஆணை, நான் சொல்றதுல ஒரு எழுத்துகூடப் பொய் கெடையாது. மூணு மணிக்குத் தண்ணி விட்டு சாய டிரம்ம ஓட விட்டேன். மூணரைக்குக் கரெண்டு போச்சி. இதான் நடந்திச்சி.

மேகலா: கண்ணு மேல ஆணை வெக்காதீங்க பாய். அந்தக் கண்ணாலதான் இவ்ளோ பேஜாரு.

சத்தார்: அப்போ காது மேல வெக்கட்டா?

மேகலா: ஒண்ணு மேலயும் வேணாம். நீங்க சத்தியம் பண்ணாலே சுஹேல் சாருக்கு டவுட்டு வந்துடும். நேராச் சொல்லுங்க. ஏழு மணிக்கு வர்றேன்னு போன் பண்ணிட்டாரு. இப்போ ஆறு நாப்பது. இன்னொரு வாட்டி.

சத்தார்: ஒத்திகை ஜாஸ்தியானா பொய்யி ஆறிப்போயிடும்மா. சூடா எறக்குனாத்தான் ருசி.

மேகலா: வெளையாடாதீங்க பாய். உள்ள நானூத்தி எம்பது ஆட்டுத்தோல் இருக்குது. மூணு மணிக்குப் போட்ட டிரம்மு, நாலு மணிக்கு நிறுத்தியிருக்கணும். எப்போ நிறுத்தனோம்?

சத்தார்: ஆறு... இருவது இருக்கும்.

மேகலா: மூணு மணி நேரம் இருவது நிமிஷம். மாட்டுத்தோலா இருந்தாலாவது தாங்கும். ஆட்டுத்தோல். உள்ள சுத்திச் சுத்தி, முறுக்கிக்கினு, கயிறு மாதிரி...

சத்தார்: பாக்காமச் சொல்லாதே. மூடி தொறக்காத வரைக்கும் அந்தச் சரக்கு நல்ல லாட்டுதான்.

மேகலா: தொறந்து பாத்துடலாம்னு சொன்னேன். கேட்டீங்களா? கரெண்டு போச்சின்னு சொல்றதுக்கு பீஸ் கட்டையப் புடுங்கிட்டீங்க. மூடி கீழ பாத்துக்கினு நிக்குது. இப்போ டிரம்ம அரை சுத்து திருப்பணும்னாலும் கரெண்டு வேணும்.

சத்தார்: போன கரெண்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போனா அது பொய்யின்னு தெரிஞ்சிடும். ஒரு கரெண்டு போச்சின்னா ஒழுங்காப் போகணும்.

மேகலா: ஐயோ பாய்... போன மாசம் அந்தச் செவப்பு லாட்டு திட்டுத் திட்டா போச்சில்ல, அப்போ சார் இன்னா சொன்னாரு?

சத்தார்: நெறைய சொன்னாரு. உருதுல பாதி, தமிழ்ல பாதி.

மேகலா: இன்னொரு லாட்டு கெட்டுதுன்னா டிரம் செக்‌ஷனையே மூடிட்டு, சாயம் போடற வேலைய ராணிப்பேட்டைல ஜாப் வொர்க்குக்குக் குடுத்துடுவேன்னாரு. பதினோரு பேரு வீட்டுக்குப் போகணும். எனக்கு வேலை பர்மனன்ட் ஆகி மூணு வாரம்தான் ஆவுது. லேப்ல ஒரு பொண்ணை எதுக்கு வெச்சிங்கன்னு கேக்கறவங்களுக்கு நானே பதிலக் குடுத்த மாதிரி ஆயிடும்.

சத்தார்: அறுவத்தி மூணு வயசுல என்னை எவன் எடுப்பான். நான் மட்டும் இன்னா ஜாலியாவா நிக்கறேன்.

மேகலா: பாத்தா அப்படித்தான் தெரியுது.

சத்தார்: மூஞ்சி அப்படி. எங்கம்மா மவுத்தாகிக் கெடந்தப்பகூட வந்தவங்க என்னைப் பாத்து, இவன் ஏன் சிரிக்கறான்னு கேட்டாங்க.

மேகலா: எல்லாத்துக்கும் காரணம் கிரிக்கெட்டு காட்டற அந்த விஆர் பெட்டிதான். சார் மேசை மேல இருந்ததை எடுத்து மூஞ்சில மாட்டிக்க உங்களுக்கு யாரு சொன்னது?

சத்தார்: ஒரு ஓவர் பாக்கலாம்னு மாட்னேன்.

மேகலா: எத்தினி ஓவர் பாத்தீங்க?

சத்தார்: இருவது... நீ?

மேகலா: அது எதுக்கு இப்போ.

சத்தார்: சொல்லும்மா. யாரும் இல்ல.

மேகலா: பதினாறு ஓவர், நாலு பால். அதோட நம்மாளுங்க ஜெயிச்சிட்டாங்க.

சத்தார்: ஜெயிக்காம இருந்திருந்தா இன்னும் ஓடிக்கினு இருந்திருக்கும் டிரம்மு. அதுக்காவது அவங்களுக்கு ஒரு சலாம் போடு.

மேகலா: உங்களைத் தேடிக்கினு வந்தேன் பாய், நெசமா. வந்து பாத்தா நீங்க மூஞ்சில பெட்டியோட குனிஞ்சிக்கினு, கைய ரெண்டையும் ஏந்திக்கினு நிக்கறீங்க. இன்னா பாய்ன்னேன். காதுல விழல.

சத்தார்: சிக்ஸர் வந்துச்சி. மேல, வெளிச்சத்துல, பம்பரம் மாதிரி சுத்திக்கினு நேரா என்னைப் பாத்து. புடிச்சேன்.

மேகலா: பாய்.

சத்தார்: புடிச்சேன்மா. கை செவந்துபோச்சி. கோட்டுகிட்ட நின்ன ஃபீல்டரு திரும்பிப் பாத்து, பெரியவரே இங்க எறியுங்கன்னான். எறிஞ்சேன். அப்பால அம்பயரு என்னையே பாக்கறாரு, அவுட்டா இல்லியான்னு. நான் இன்னா சொல்றது, எனக்கு இன்னா சம்பளமா குடுக்கறாங்க.

மேகலா: நீங்க எறிஞ்சது எது தெரியுமா? என் டிபன் பாக்ஸு. லேப்புக்கு வெளிய கெடந்துச்சி.

சத்தார்: அதான் பால் கொஞ்சம் கனமா இருந்துச்சி.

மேகலா: பாய், நான் ஒண்ணு கேக்கட்டா. இதுக்கு முந்தி நீங்க வேலை நேரத்துல மேட்ச்சு பாத்ததே இல்லியா?

சத்தார்: பாக்காம? டிரம்மு சட்டத்துல டிரான்சிஸ்டர் தொங்கும். காது அங்க, கண்ணு இங்க. அப்பால கேன்டீன்ல டிவி வந்துச்சி. டீ எடுக்கப் போறப்ப ஒரு பார்வை, டீ குடிச்சிட்டு வர்றப்ப ஒரு பார்வை. லாட்டு ஒண்ணுகூட கெடல. போன்ல வந்ததும் அதே கதைதான், பாக்கெட்டுல பாடிக்கினு இருக்கும். இந்தப் பெட்டி அப்படியில்லம்மா. ஆளையே உள்ள எடுத்துக்குது. டிரம்மு சத்தம்கூட கேக்கல எனக்கு. நாப்பத்தோரு வருசத்துல மொத தடவ.

மேகலா: எனக்கும் கேக்கல.

சத்தார்: டிரம்மு சத்தத்தை வெச்சே உள்ள எத்தினி தோல் விழுதுன்னு சொல்லுவேன் நான். தொப்பு தொப்புன்னு அது விழற கனம் இருக்குது பாரு...

மேகலா: இன்னிக்கி?

சத்தார்: இன்னிக்கி நான் சேப்பாக்கத்துல இருந்தேன்.

மேகலா: சம்பத் அண்ணனுக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். நேத்தே குடியாத்தத்துல ஏதோ கல்யாணம்னாரு. அவரு ஆளுங்கதானே சரக்க ஏத்தனது, எந்த மாதிரி தோலு, நனைஞ்சது எவ்ளோ நேரம்னு கேட்டா, எவ்ளோ கெட்டிருக்கும்னாச்சும் ஒரு அந்தாஜு கெடைக்கும்.

சத்தார்: இன்னாத்துக்குக் கேக்கணும்? நான் ரெண்டரை மணிக்கு வந்தேன். மூடி போட்டு இறுக்கி இருந்துச்சி. இந்த ஷாப்புல மூடி போட்டிருந்தா சரக்கு ஏறிடிச்சின்னு அர்த்தம். சின்ன சாபோட அப்பா, பெரிய சாபு மக்பூல் அகமது காலத்துலேருந்து அதான் சட்டம். ஏத்தறவன் மூடி போடுவான், ஓட்டறவன் பட்டன் அமுக்குவான். ஒருத்தன ஒருத்தன் கேள்வி கேட்டதில்ல.

மேகலா: ஷீட்டுல நான் எழுதிட்டேன் பாய். டிரம்முத் தண்ணியோட பிஹெச், மூணரைக்கு ஒண்ணு, நாலுக்கு ஒண்ணு. கையெழுத்தும் போட்டுட்டேன்.

சத்தார்: எவ்ளோ எழுதின?

மேகலா: நாலு புள்ளி ரெண்டு. அப்பால மூணு புள்ளி எட்டு.

சத்தார்: நல்லா இருக்குதே.

மேகலா: போன லாட்டுல இருந்து பாத்து எழுதனேன். அதுவும் ஓவர் நடுவுல.

சத்தார்: அப்போ தப்பா இருக்காது. ஒரு விசயம் கவனிச்சியா? கீழ அடைப்பானத் தொறந்து விட்டப்ப தண்ணி எப்படி வந்துச்சி? பாலாத்து ஊத்துத் தண்ணி மாதிரி. காபிக் கலர் டை, சாயம் போட்ட டிரம்முலேருந்து தெளிஞ்ச தண்ணி. ஒரு சொட்டு மிச்சம் வெக்காம தோலே குடிச்சிடிச்சி. இவ்ளோ நேரம் ஓட்டனதும் ஒரு நன்மைக்குத்தான்.

மேகலா: அதான் எனக்கும் ஆச்சரியமா... பாய்.

சத்தார்: இன்னா?

மேகலா: கால்ல ஏதோ இடிச்சிது. டிரம்முக்குப் பின்னால. இந்த பக்கெட்டு...

சத்தார்: எந்த பக்கெட்டு?

மேகலா: மூணு மணிக்கு நான் எடை போட்டு வெச்ச டை. அப்படியே இருக்குது. பாய், நீங்க ஊத்தலியா?

சத்தார்: நீ ஊத்தலியா?

மேகலா: நான் எப்போ ஊத்தியிருக்கேன்? எடை போடறது நான், டிரம்மோட அச்சு ஓட்டை வழியா உள்ள ஊத்தறது நீங்க.

சத்தார்: மேட்ச்சு ஆரம்பிக்குதேன்னு... நீ புத்திசாலிப் பொண்ணு, நீயே பாத்துக்குவியேன்னு...

மேகலா: ஐயோ. அப்போ நானூத்தி எம்பது தோலும் மூணு மணி நேரம் வெறும் தண்ணில...

சத்தார்: குளிச்சிருக்குது. சரி, பதறாதே. அந்த கோணிய எடுத்து பக்கெட்டு மேல போடு. அது மேல நீ ஒக்காரு.

மேகலா: டை பக்கெட்டு மேலயா?

சத்தார்: நிக்கற ஆளைத்தான் சந்தேகப்படுவாங்க. ஒக்காந்திருக்கிற பொண்ண யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க. அது... கார் சத்தம்தானே?

மேகலா: சார் காரு. இன்னும் ஏழுகூட ஆகல.

சத்தார்: கரெண்டு. மூணரை. மறந்துடாதே.

மேகலா: நீங்க மறக்காதீங்க.

சுஹேல்: சத்தார் சாச்சா? யாரு அது... மேகலாவா? ஏன் ரெண்டு பேரும் இருட்டுல இருக்கீங்க?

சத்தார்: சலாம் சாப். கரெண்டு இல்ல.

சுஹேல்: பக்கத்து ஷாப்புல லைட் எரியுதே.

சத்தார்: அது அவங்க கரெண்டு.

மேகலா: சார், நம்ம லைனுல மட்டும்தான்... பீஸ் போயிருக்கும்னு நெனைக்கறோம்.

சுஹேல்: பீஸ் கட்டை சாச்சா சட்டைப் பைல இருக்குது. போன் டார்ச்சுல நல்லாத் தெரியுது.

சத்தார்: போன பீஸாச்சேன்னு பத்திரமா எடுத்து வெச்சேன் சாப்.

சுஹேல்: சரி, அதை விடுங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மத்தியானமே சொல்லியிருக்கணும். என் மேலதான் தப்பு, நான்...

மேகலா: சார், ஒரு நிமிஷம். நாங்க மொதல்ல சொல்லிடறோம் சார். அப்பால நீங்க எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க.

சுஹேல்: நான் எதுக்குத் திட்டப் போறேன்?

சத்தார்: திட்டுவீங்க சாப். நாலாம் நம்பர் டிரம்மு... மூணு மணிக்கி ஓட விட்டோம். ஜம்முனு ஓடிச்சி. அப்பால கரெண்டு...

சுஹேல்: எந்த டிரம்மு?

சத்தார்: நாலு.

சுஹேல்: ஓடிச்சா?

சத்தார்: ஓடிச்சி சாப்.

சுஹேல்: இன்னிக்கா?

மேகலா: ஆமா சார். காபிக் கலர் லாட்டு. திங்கக்கெழமை ஷூ கம்பெனிக்குப் போகணுமே, அது.

சுஹேல்: அதுவா. சொல்லுங்க. எத்தினி தோல்?

சத்தார்: நானூத்தி எம்பது. நான் எண்ண மாட்டேன் சாப், சத்தத்துலயே சொல்லிடுவேன். ஒண்ணு கொறைஞ்சிருந்தாலும் காதுக்குத் தெரியும்.

சுஹேல்: சரி. அப்பால?

சத்தார்: அப்பால கரெண்டு போச்சி. நின்னுபோன டிரம்முல தோல் ஊறிக்கினே கெடந்துச்சி. அதனால லாட்டு கொஞ்சம்... முன்ன பின்ன இருக்கலாம். எங்க மேல தப்பு இல்ல.

சுஹேல்: கரெண்டு போனா எனக்கு மெசேஜ் வரும் சாச்சா. மெயின் போர்டுல மிஷின் மாட்டியிருக்கேன். இன்னிக்கி வந்துது. ஆறு இருவதுக்கு.

மேகலா: சார்... அது... பாய், நீங்களே சொல்லிடுங்க.

சத்தார்: சொல்றேன். ஆனா என்னைப் பத்திச் சொல்ல மாட்டேன். வேற ஒரு கெழவனைப் பத்திச் சொல்றேன். பேரு வேணாம்.

சுஹேல்: சாச்சா, எனக்கு நேரம்...

சத்தார்: சின்னக் கதைதான் சாப். ஒரு ஊர்ல ஒரு கெழவன். மொதலாளி மேசைல ஒரு மூஞ்சிப் பெட்டியப் பாத்தான். மாட்டனான். கண்ணத் தொறந்தா கிரிக்கெட்டு மைதானம். சுத்தி அம்பதாயிரம் பேரு. எல்லாரும் பொம்மை. ஒருத்தனுக்கும் இடுப்புக்குக் கீழ காலு கெடையாது, அந்தரத்துல ஒக்காந்திருக்காங்க. கெழவன் பயந்துபோயி தன் காலத் தடவிப் பாத்தான். அவனுக்கும் இல்ல.

சுஹேல்: பெட்டிய எடுத்தது நீங்கதானா.

சத்தார்: கெழவன். பக்கத்து சீட்டுல ஒரு வாலிபப் பொம்மை, மஞ்சச் சட்டை போட்டுக்கினு. அது கெழவனையே பாக்குது. அப்பால மெதுவா கிட்ட குனிஞ்சி இன்னா கேட்டுது தெரியுமா? கோவம் போச்சாடா கண்ணுன்னு கேட்டுது.

சுஹேல்: சாச்சா, போதும்.

சத்தார்: கெழவனுக்கு அறுவத்தி மூணு வருசத்துல யாரும் அப்படிக் கேட்டதில்ல சாப். மனசு உருகிப்போச்சி. தலையாட்டனான். பேங்க்குக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடு, அடுத்த வாரம் கண்டிப்பா ஏலகிரிக்குக் கூட்டிக்கினு போறேன்னுச்சி அந்தப் பொம்மை. கெழவன் பெருந்தன்மையா கட்டைவெரலக் காட்டனான்.

மேகலா: பாய்... அந்தக் கொரலு...

சத்தார்: யாரு கொரலோ. ஊருக்குள்ள எத்தினியோ பேருக்கு அந்தக் கொரலு இருக்கும். விக்கெட்டு விழுந்தா ஓஹோ ஓஹோஹோன்னு மூணு வாட்டி சொல்ற பழக்கமும் எத்தினியோ பேருக்கு இருக்கும். ரெண்டாவது சனிக்கெழமை பேங்க்கு லீவுன்னு தெரியாத மொதலாளிங்களும் எத்தினியோ பேரு.

சுஹேல்: ...ரெண்டு பெட்டி வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் வீட்டுக்காரி சஹருக்கு. ரெண்டும் ஒரே அக்கவுண்ட். மேசைல இருந்தது அவளுது, ரிப்பேர் பாக்க எடுத்துக்கினு வந்தேன், மறந்துட்டேன். பக்கத்து சீட்டுல தலைக்கு மேல 'சுஹேல் டூ'ன்னு எழுதி இருந்துச்சி. அவதான் வீட்டுல அந்தப் பெட்டிய மாட்டிக்கினு வந்துட்டான்னு நெனைச்சி... எல்லாம் தெரிஞ்சிபோச்சேன்னு நானே சொல்லிட்டேன்.

மேகலா: எங்க இருந்து பாத்தீங்க சார்?

சுஹேல்: வேலூருல. லாங் பஜார்ல என் தோஸ்த் தபரேஸ் வீட்டு மாடில. வர்ற வழில கார்லேருந்து சஹருக்கு போன் பண்ணி தேங்க்ஸ் சொன்னேன். எதுக்குன்னு கேட்டா. மன்னிச்சதுக்குன்னு சொன்னேன்.

சத்தார்: அப்பால?

சுஹேல்: வெச்சிட்டா. அப்புறம் எடுக்கவே இல்ல.

சத்தார்: மன்னிச்சது நான்தான்னு வேணும்னா பேசட்டா சாப்?

சுஹேல்: வேணாம் சாச்சா. தயவு பண்ணி வேணாம்.

மேகலா: சார், தப்பு எங்க மேலதான். சாரி சார்.

சுஹேல்: எங்க மேலன்னா? நீயும் எப்படி வந்த இதுல? மொத இன்னிங்ஸ்ல தலையாட்டனது சாச்சா, சரி. ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஒவ்வொரு ஃபோருக்கும் எழுந்து எழுந்து ஆடனது யாரு? என் சஹருக்கு கிரிக்கெட்டுல இவ்ளோ பிரியமான்னு நானே மெரண்டுபோனேன்.

சத்தார்: அதுவும் கெழவன்தான் சாப். ஃபோர் அடிச்சா முட்டி வலி பறந்துபோயிடும்.

மேகலா: இல்ல சார். நான்தான்.

சத்தார்: ஒரு பொய்ய நிம்மதியாச் சொல்ல உட மாட்டேங்கறாங்க.

மேகலா: உங்க அப்பா பெரியவருக்குத் தெரிஞ்சா செக்‌ஷன மூடிடுவாங்களா சார்? பதினோரு பேரு சார். மத்தவங்க ஒண்ணுமே பண்ணல. நான் வேணும்னா...

சுஹேல்: அப்பாவுக்குத் தெரிஞ்சா உங்கள விட மொதல்ல வீட்டுக்குப் போறவன் நான்தான். லாட்டு கெட்டுது, இவன் எங்க இருந்தான்னு கேப்பாரு. சாவிய இங்க வெச்சிட்டுப் போடாம்பாரு.

சத்தார்: அப்போ நாம மூணு பேரும் ஒரே வரிசைதான் சாப். சீட்டு மட்டும்தான் பக்கம் பக்கம்.

சுஹேல்: சாச்சா, நான் மூணு கேள்வி கேக்கறேன். மேட்ச்சு பாத்தீங்க, நானும் பாத்தேன், அது போவட்டும். வேலையப் பத்தி மட்டும் சொல்லுங்க. மூடி தொறக்கறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும்.

சத்தார்: கேளுங்க. மேட்ச்சு பாத்தது நெசம். வேலைய விட்டது பொய்.

சுஹேல்: டிரம்மு ஓடறப்ப சத்தத்தைக் கேட்டீங்களா?

சத்தார்: கேட்டேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு வாட்டி பெட்டியக் கழட்டிட்டுக் கேட்டேன். தொப்பு, தொப்பு, தொப்பு. நானூத்தி எம்பது. கனமா, கரெக்டா விழுந்துச்சி. ஒரு வாட்டி நிறுத்தி கையவிட்டும் பாத்தேன். ஓரத்துல ஒரு துண்டு கத்தரிச்சிப் பாத்தேன், நடு வரைக்கும் காபிக் கலர் ஏறியிருந்துச்சி.

சுஹேல்: கை சுத்தமா இருக்குதே.

சத்தார்: தோலு அப்படிக் குடிச்சிடிச்சி சாப். என் கையில இருந்த டையையும் சேத்து உறிஞ்சிடிச்சி.

சுஹேல்: டை எப்போ ஊத்தனீங்க?

சத்தார்: மூணு அஞ்சுக்கு. அச்சு வழியா. அந்தப் பொண்ணே எடை போட்டுக் குடுத்துச்சி.

சுஹேல்: மேகலா, பிஹெச்?

மேகலா: எடுத்தேன் சார். மூணரைக்கு நாலு புள்ளி ரெண்டு. நாலு மணிக்கு மூணு புள்ளி எட்டு. ஷீட்டுல இருக்குது.

சுஹேல்: நீயே டிரம்முலேருந்து தண்ணி எடுத்துப் பாத்தியா?

மேகலா: ...பாத்தேன் சார்.

சுஹேல்: எழுந்திரு, ஷீட்டக் காட்டு.

மேகலா: இங்கயே இருக்கேன் சார். முட்டி... கொஞ்சம் வலிக்குது.

சத்தார்: ஆடனா வலிக்காது?

சுஹேல்: மூணும் சத்தியமா?

சத்தார்: என் ரெண்டு கண்ணு மேல ஆணை சாப். இந்த ஷாப்பு மேல ஆணை. அந்தத் தோலு நானூத்தி எம்பதும் வந்து எனக்கு சாட்சி சொல்லும்.

மேகலா: சத்தியம் சார்.

சுஹேல்: சரி.

சத்தார்: ஆனா சாப், ஒண்ணு கேக்கணும். அந்த மஞ்சச் சட்டைப் பொம்மை. பத்தாவது ஓவர்ல ஒரு போன் வந்துச்சி அதுக்கு. இன்னாடா இப்போ, ம்ம், சரி வை, நான் சொல்லிக்கறேன்னுச்சி. அடுத்த பாலு சிக்ஸரு. அப்பால அது யாருக்கும் ஒண்ணும் சொன்ன மாதிரி தெரியல. யாரு சாப் போன்ல?

மேகலா: வந்ததும் ஏதோ சொல்லணும்னீங்களே சார். மத்தியானமே சொல்லியிருக்கணும்னு.

சத்தார்: ஆமா சாப். நாங்கதான் குறுக்க பேசிட்டோம். சொல்லுங்க. வேலை போச்சின்னாலும் பரவால்ல, ஒரே வாட்டில சொல்லிடுங்க.

சுஹேல்: போன்ல லாரி டிரைவரு. ராணிப்பேட்டைலேருந்து வர்ற வழில ஆக்ஸில் ஒடைஞ்சிபோச்சாம், சம்பத் ஆளுங்க காத்திருந்து காத்திருந்து ஒரு மணிக்கே போய்ட்டாங்க... வண்டி இப்பவும் பள்ளிகொண்டாகிட்ட ரோட்டோரமா நிக்குது, நானூத்தி எம்பது தோலும் அதுலதான் இருக்குது. நாலாம் நம்பர் டிரம்மு வியாழக்கெழமைலேருந்து காலி.